மூத்தவர் கையில் புத்தகம், இளையவர் காலில் தெரு

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே உலையில் வடித்த சோற்றைத் தின்று வளர்ந்த இரு பிள்ளைகளில், மூத்தவர் படிப்பும் பொறுப்புமாக இருக்க இளையவர் ஆட்டமும் ஊர்சுற்றலுமாகத் திரிவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத காலமில்லை. பெரியவர்கள் ராசி என்றார்கள். ஆசிரியர்கள் வளர்ப்பு என்றார்கள். உளவியலாளர்கள் பிறப்பு வரிசை என்றார்கள். பொருளியலாளர்கள் பெற்றோரின் நேரமும் பணமும் என்றார்கள். ஒவ்வொரு விடைக்கும் ஆதாரம் உண்டு, ஓட்டையும் உண்டு. அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதும், எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்று நீளும் வடசென்னைத் தொழிற்பகுதியில் அவை எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று கேட்பதும் இக்கட்டுரையின் வேலை. இங்கே முன்வைக்கப்படும் கருத்து இதுதான்: பிறந்த வரிசை தன்னளவில் செய்வது கொஞ்சமே. ஒவ்வொரு பிள்ளையும் வளர்ந்து ஆளாகும் நேரத்தில் அந்த வீடு யார் தலையில் எந்தச் சுமையை வைக்கிறது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் இடமும் காலமும் மாறும்போது விதியும் திசை மாறுகிறது.

தொடங்குமுன் ஒரு தெளிவு தேவை. இந்தப் பேச்சில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மூத்தவர் அதிகம் படிக்கிறாரா என்பது ஒன்று. மூத்தவரின் இயல்பே பொறுப்பானதா என்பது இன்னொன்று. வீட்டார் அப்படிப் பேசிக்கொள்கிறார்களா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குக் கிடைக்கும் சான்று இரண்டாவதற்கும் செல்லும் என்று நினைப்பதில்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன.

ஏழுகிணற்று வீடு

தமிழில் இந்தக் கேள்விக்கான மிகப் புகழ்பெற்ற குடும்பக் கதை வடசென்னையிலேயே நடந்தது. 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கம் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இராமையா பிள்ளை காலமானார். தாய் சின்னம்மை பிள்ளைகளோடு பொன்னேரிப் பக்கம் வந்து, பிறகு சென்னையில் குடியேறினார். ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெரு வீட்டில் குடும்பத்தைத் தாங்கியவர் மூத்த அண்ணன் சபாபதி. காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் முறையாகப் பாடம் கேட்டு, புராணச் சொற்பொழிவு செய்து, அந்த வருவாயில் வீட்டை நடத்தினார். கடைக்குட்டி இராமலிங்கமோ பாடத்தில் மனம் செலுத்தவில்லை. கந்தகோட்டத்துக்குப் போய் நேரம் கழித்தார். கோபமடைந்த அண்ணன், இவனுக்குச் சோறு போடாதே என்று மனைவிக்குக் கட்டளையிட்டதையும், அண்ணியார் கணவருக்குத் தெரியாமல் கொழுந்தனுக்குச் சோறிட்டதையும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பின்னர் ஒருநாள் அண்ணனால் போக முடியாத சொற்பொழிவுக்குத் தம்பி போய்ப் பேசி, கேட்டவர்களை வியக்கவைத்தார். பல ஆண்டுகள் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து போய்வந்த அந்தத் தம்பியை உலகம் வள்ளலார் என்று அறிந்தது.

இந்தக் கதையைப் பக்தர்கள் அருளின் சான்றாக வாசிக்கிறார்கள். அதில் குறுக்கிட இங்கே வேலையில்லை. குடும்ப அமைப்பின் சான்றாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. அண்ணனின் படிப்பு அந்த வீட்டின் பிழைப்பு. தந்தையில்லாத குடும்பத்தில் மூத்த மகன் படிப்பாளியாக இருந்தது விருப்பம் மட்டுமல்ல, அடுப்பெரிய வேண்டிய கட்டாயமும்கூட. தம்பி கோயிலில் உட்கார்ந்திருக்க முடிந்ததற்கு அண்ணனின் சம்பாத்தியமும் அண்ணியின் மறைவான தட்டும் துணைநின்றன. அண்ணனின் கோபத்தைக்கூட, தான் சுமப்பதில் தம்பி பங்கெடுக்கவில்லையே என்ற கணக்காகப் படிக்கலாம்.

ஆனால் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில் இரண்டு இடர்கள் உண்டு. வள்ளலாரின் வாழ்க்கையை எழுதியவர்கள் பெரும்பாலும் அடியார்கள். அண்ணன் அவர்கள் எழுத்தில் தம்பியின் பெருமையைக் காட்ட வந்த துணைப்பாத்திரம். இரண்டாவது, ஊர்சுற்றிய தம்பிகளில் மேதையானவர் கதை மட்டுமே எழுதப்பட்டது. மேதையாகாதவர்களுக்கு வரலாறு இல்லை. ஒரு கதையை வைத்து விதி சொன்னால் எதிர்க்கதை உடனே வந்து நிற்கும். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன் வீட்டின் மூத்த பிள்ளை. ஆனால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோற்று, ஆண்டுக்கணக்கில் வேலையில்லாமல் நோட்டுப் புத்தகத்தோடு திரிந்தவர். பரீட்சை அளவுகோலில் பார்த்தால், உருப்படாத பிள்ளை என்று சொல்லக்கூடிய இடத்தில் நின்றவர் அந்த அண்ணன்தான்.

கால்ட்டனும் அட்லரும்

மேலைநாட்டில் இந்தக் கேள்வியை முதலில் எண்ணிப் பார்த்தவராகப் பிரான்சிஸ் கால்ட்டனைச் சொல்வது வழக்கம். 1874இல் இங்கிலாந்தின் அறிவியலாளர்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்களுள் தலைச்சன் பிள்ளைகளும் ஒற்றைப் பிள்ளைகளும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று காட்டினார். மூத்த மகனுக்கே சொத்து என்ற வழக்கம் ஓங்கியிருந்த சமூகம் அது. மூத்தவருக்குப் பணமும் பெற்றோரின் கவனமும் பொறுப்பும் கூடுதலாகக் கிடைத்தன என்பதே அவர் தந்த விளக்கம். அதாவது தொடக்கத்திலேயே விடை குணத்தில் அல்ல, பங்கீட்டில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னாவின் ஆல்ஃபிரட் அட்லர் அதை மனத்துக்குள் கொண்டுபோனார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த குழந்தை அரியணை இழந்த அரசனைப் போல் உணர்கிறது. இழந்த இடத்தைப் பிடிக்க ஒழுங்கையும் அதிகாரத்தையும் பற்றிக்கொள்கிறது. இரண்டாவது குழந்தை எப்போதும் யாரையோ துரத்தி ஓடுகிறது. கடைக்குட்டி செல்லத்தில் வளர்கிறது. அட்லரே ஒரு வீட்டின் இரண்டாவது பிள்ளை. அவருடைய சித்திரம் வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் தம் வீட்டையே காட்டியது. அதுதான் அதன் பலம், அதுவே பலவீனமும். எந்த முடிவு வந்தாலும் அது விளக்கிவிடும். தம்பி படித்தால் அண்ணனை முந்த ஓடுகிறான். படிக்காவிட்டால் போட்டியிலிருந்து விலகிவிட்டான். தவறென்று காட்ட வழியில்லாத விளக்கத்தை ஆய்வு முடிவாக ஏற்பது கடினம்.

1996இல் பிராங்க் சல்லோவே இந்த மரபுக்குப் பரிணாமக் கொள்கையின் உடையைப் போர்த்தினார். பெற்றோரின் கவனம் என்ற குறைந்த வளத்துக்காகப் பிள்ளைகள் வெவ்வேறு இடம் பிடிக்கிறார்கள். ஒழுங்கான பிள்ளை என்ற இடத்தை மூத்தவர் எடுத்துக்கொண்டபின், இளையவர் துணிச்சலையும் மீறலையும் தேர்கிறார் என்பது அவர் வாதம். அறிவியல் புரட்சிகளை இளையவர்களே அதிகம் ஏற்றார்கள் என்று அவர் தந்த வரலாற்றுத் தரவுகள் பின்னர் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயின. ஆனாலும் ஒரு வீட்டில் ஏற்கெனவே ஒரு படிப்பாளி இருந்தால் இரண்டாமவர் வேறு பெயர் எடுக்க முயல்வார் என்ற கருத்து முற்றிலும் தள்ளத்தக்கதன்று.

பெரிய எண்கள் சொன்னவை

பெருந்திரள் தரவுகள் 1973இல் வந்தன. நெதர்லாந்தில் இராணுவச் சேர்ப்புக்கு வந்த சுமார் 4 லட்சம் இளைஞர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்த பெல்மாண்ட், மரோல்லா இருவரும், வரிசையில் கீழே போகப்போக மதிப்பெண் சிறிது சிறிதாகக் குறைவதைக் கண்டனர். இதற்கு ராபர்ட் சாயான்ஸ் இரு காரணங்கள் சொன்னார். பிள்ளைகள் கூடக்கூட வீட்டின் சராசரி அறிவுச்சூழல் நீர்த்துப்போகிறது. கூடவே, மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் சொல்லிக்கொடுப்பவரே அதிகம் கற்கிறார். இரண்டாவது காரணம் டியூஷனுக்குப் பணமில்லாத நம் வீடுகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஐந்தாவது பிள்ளை என்றால் அவர் ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்துதான் வரமுடியும். அத்தகைய வீடுகள் பெரும்பாலும் ஏழை வீடுகள். நாம் அளப்பது வரிசையையா, வறுமையையா? 1983இல் எர்ன்ஸ்ட், ஆங்ஸ்ட் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குடும்ப அளவையும் வர்க்கத்தையும் கழித்துவிட்டால் ஆளுமையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள்.

2007இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வு இந்த விவாதத்தில் முக்கியமானது. சுமார் 2.4 லட்சம் இளைஞர்களின் அறிவுத்திறன் தேர்வை ஆராய்ந்த கிறிஸ்டென்சனும் பியர்க்கெடாலும், முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் ஏறத்தாழ இரண்டு புள்ளி வேறுபாடு கண்டனர். அதோடு நிற்கவில்லை. இரண்டாவதாகப் பிறந்து, அண்ணனோ அக்காவோ சிறுவயதிலேயே இறந்துபோன பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் இரண்டாமவர்களைப் போல் இல்லை. முதல்வர்களைப் போல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள். கருப்பையில் எத்தனையாவது என்பது அல்ல, வீட்டில் எத்தனையாவதாக வளர்ந்தார் என்பதே கணக்கு என்று இது காட்டியது.

குணத்தைப் பற்றிய தீர்ப்பு 2015இல் வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் 20,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த ரோரர் குழுவினரும், 3.7 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க மாணவர்களை ஆராய்ந்த டேமியன், ராபர்ட்ஸ் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தனர். அறிவுத்திறன் தேர்வில் சிறு வேறுபாடு உண்டு. பொறுப்புணர்வு, கலகலப்பு, பதற்றம் போன்ற குணங்களில் வரிசையின் தடம் இல்லை அல்லது புறக்கணிக்கத்தக்க அளவே. ஸ்வீடனின் இராணுவச் சேர்ப்புத் தரவு மட்டும் முரண்படுகிறது: அங்கே உளவியலாளர் நேர்காணலில் மூத்தவர்கள் கூடுதல் மதிப்பீடு பெற்றார்கள், பின்னாளில் மேலாளர் பதவிகளிலும் அதிகம் இருந்தார்கள். எனவே கதவு முழுவதும் மூடப்படவில்லை. ஆனாலும் மூத்தவர் பிறவியிலேயே பொறுப்பானவர் என்ற ஊர்ப்பேச்சுக்கு இந்த எண்கள் அதிகம் இடம் தரவில்லை.

வீட்டுக்குள் நடப்பது

வேறுபாடு சிறிதாக இருந்தாலும் அது எப்படி உருவாகிறது என்பதில் பொருளியலாளர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் பெற்றோர் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற தரவிலிருந்து, ஒரே வயதில் இரண்டாம் பிள்ளைக்குக் கிடைத்ததைவிட முதல் பிள்ளைக்கு நாளொன்றுக்கு இருபது முப்பது நிமிடம் கூடுதல் நேரம் கிடைத்ததை ஜோசப் பிரைஸ் 2008இல் காட்டினார். ஹாட்ஸ், பன்டானோ இருவரும் கண்டிப்பின் கணக்கை விளக்கினர்: மூத்தவரைக் கண்டித்தால் அதைப் பார்த்து இளையவர்கள் அடங்குவார்கள், கடைசிப் பிள்ளையைக் கண்டிப்பதைப் பார்க்க ஆளில்லை. டென்மார்க், புளோரிடா இரண்டிலும் செய்த ஆய்வில், ஒரே வீட்டின் அண்ணனோடு ஒப்பிட, இரண்டாவதாகப் பிறந்த பையன்கள் பள்ளி ஒழுங்கு நடவடிக்கையிலும் சட்டச் சிக்கலிலும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 20 முதல் 40 விழுக்காடு வரை அதிகமாக இருந்தது.

இவையெல்லாம் கால்ட்டனின் பழைய விடைக்கே திரும்புகின்றன: பங்கீடு. ஆனால் இவற்றின் பின்புலத்தை மறக்கக்கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி உறுதி, பெற்றோருக்கு ஓரளவு நிலையான சம்பளம், நோய்வாய்ப்பட்டால் தாங்க அரசு என்ற நிலையில் உள்ள சமூகங்கள் பெரும்பாலும் அவை. அங்கே பங்கிடப்படுவது கவனமும் நேரமும். சோறும் கூலியும் பங்கிடப்படும் வீட்டில் விதி அப்படியே நிற்குமா?

திசை திரும்பும் விதி

நிற்பதில்லை. எக்குவடோரில் ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்த டி ஹான், பிளக், ரோசெரோ 2014இல் கண்டது நேர்மாறான படம்: அங்கே பின்னால் பிறந்தவர்களே மேலே இருந்தார்கள். பிரேசிலில் எமர்சன், சோசா 2008இல் காட்டியதும் இதற்கு அருகில் வருகிறது: மூத்த மகன் வேலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம், கடைசி மகன் பள்ளியில் இருக்கும் வாய்ப்பு அதிகம். குடும்பத்துக்கு முதல் கூலி எப்போது தேவையோ அப்போது கைக்கு எட்டும் வயதில் இருப்பவர் மூத்தவர். அவர் சம்பாதிக்கத் தொடங்கியபின் இளையவருக்குப் பள்ளி வாய்க்கிறது.

இந்தியாவில் படம் இன்னும் சிக்கலானது. 2017இல் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும், ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட இந்தியக் குழந்தைகள் குள்ளமாக இருப்பது முதல் பிள்ளையிடம் அல்ல, இரண்டாவதிலிருந்துதான் தெரிகிறது என்று காட்டி, மூத்த மகன் மீதுள்ள நாட்டத்தைக் காரணமாகச் சொன்னார்கள். வெவ்வேறு அளவுள்ள குடும்பங்களைக் கலந்து ஒப்பிடுவதால் வரும் தோற்றம் இதில் கலந்திருக்கிறது என்று டீன் ஸ்பியர்ஸ், டயான் காஃபி முதலானோர் மறுத்தனர். பிறந்த குழந்தையின் உயிர் தப்பும் வாய்ப்பு இந்தியாவில் முதல் பிள்ளையைவிடப் பின்னவர்களுக்கே அதிகம் என்றும், மருமகளாக வந்த பெண்ணின் மெலிந்த உடல் முதல் பிரசவத்தில் இன்னும் தேறாமலிருப்பது அதற்குக் காரணமாகலாம் என்றும் காஃபியும் ஸ்பியர்சும் வாதிட்டிருக்கிறார்கள். ஒரே நாட்டில், ஒரே வரிசையில், உயிருக்கு ஒரு விதி, வளர்ச்சிக்கு ஒரு விதி, படிப்புக்கு இன்னொன்று இருக்கலாம்.

பெண்பிள்ளை மூத்தவளானால் கணக்கே வேறு. வைஸ்னர், கேலிமோர் 1977இல் உலகச் சமூகங்கள் பலவற்றைத் தொகுத்து, குழந்தைகளைப் பெருமளவு வளர்ப்பவர்கள் மூத்த உடன்பிறந்தோரே, அதிலும் பெண்கள் என்று காட்டினார்கள். கே. பாலசந்தர் 1973இல் ‘அரங்கேற்றம்’ எடுத்தபோது பெரிய குடும்பத்தின் சுமை மூத்த மகள் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’யில் வீட்டைத் தாங்குபவளுக்கு ஊதாரியான அண்ணன் ஒருவன் இருக்கிறான். அடுத்தடுத்து வந்த இந்த இரு படங்களையும் தமிழ் ரசிகர்கள் நம்பகமாகவே ஏற்றார்கள். வரிசையைவிட, தாங்குவதற்கு யார் கிடைத்தார் என்பதே முதன்மை என்பதை அவர்கள் புரிந்திருந்தார்கள் போலும்.

எண்ணூர்: ஆலையும் ஆறும்

இந்த வெளிச்சத்தில் எண்ணூரைப் பார்க்கலாம். 1950களிலிருந்து எழுபதுகள் வரை இந்தக் கரையில் ஆலைகள் வரிசையாக எழுந்தன: எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும், 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம். அன்றைய கணக்கு எளிது. மூத்த மகன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஐ.டி.ஐ. படித்து அப்ரண்டிஸாக நுழைந்துவிட்டால், சில ஆண்டுகளில் பெர்மனென்ட். அதற்குத் தேவைப்பட்ட படிப்பு குறுகியது, பலன் விரைவானது. அந்த ஒரு சம்பளம் வீட்டுக்கு வந்தபின் இளையவர்மேல் இருந்த நெருக்கடி தளர்ந்திருக்க வேண்டும். அவர் அதிகம் படித்திருக்கலாம், அதிகம் ஆடியிருக்கலாம்; இரண்டுக்கும் இடம் கொடுத்தது அண்ணனின் அட்டெண்டன்ஸ் கார்டு.

பின்னர் அந்தக் கணக்கு கலைந்தது. நிரந்தர வேலை சுருங்கி கான்ட்ராக்ட் வேலை பெருகியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. ஆனால் இயந்திரமயமான துறைமுகம் பழைய துறைமுகத்தைப் போல் ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பதில்லை. பழைய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து, காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களின் இறால், நண்டு, மீன் வரத்து குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது வலைகளும் படகுகளும் கறுத்தன; அதே மாத இறுதியில் உர ஆலையின் அமோனியாக் கசிவு ஊரை நள்ளிரவில் வெளியேற்றியது. ஆறும் ஆலையும் இரண்டுமே உறுதி தராத நிலையில், வீட்டின் முதல் பிள்ளையைப் பட்டப்படிப்புக்கு அனுப்பிக் கரையேற்றுவது பல குடும்பங்களுக்கு எஞ்சிய வழியாகிறது. முன்பு மூத்தவர் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இன்று மூத்தவர் நெடுங்காலம் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் சுமை ஒன்றே, அதன் வடிவம்தான் வேறு.

இடநெருக்கடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கும் ஒற்றை அறை வீட்டில், சத்தம் போடும் சின்னது வெளியே அனுப்பப்படும். பெரியது மொட்டைமாடியிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ புத்தகத்தோடு உட்காரும். தெருவுக்குத் தள்ளப்பட்டவரைப் பின்னாளில் தெரு சுற்றுபவர் என்று சொல்வது நியாயம்தானா என்பது கேட்க வேண்டிய கேள்வி. தெருவும் வெறும் தெரு அல்ல. வியாசர்பாடியில் கால்பந்து, பகுதியெங்கும் கேரமும் குத்துச்சண்டையும் இளைஞர்களை வளர்த்தவை. ரயில்வே போன்ற நிறுவனங்களின் ஸ்போர்ட்ஸ் கோட்டா இங்குள்ள பிள்ளைகளுக்கு உண்மையான ஏணி. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். வீட்டில் விளையாட்டுப் பிள்ளை என்ற பெயர் எடுப்பவரெல்லாம் கவலையற்றவர் அல்லர்.

ஒரு வீட்டுக்கு ஒருவர்

உடன்பிறந்தோர் ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று அரசு விதிகள். தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் முதல் பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை வருவாய்த்துறை தருகிறது. இந்தக் குடும்பத்தில் இவருக்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்பதே அந்தத் தாளின் சாரம். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோரும் அதில் அடக்கம். அண்ணன் அந்தத் தாளில் கல்லூரி சேர்ந்துவிட்டால் தம்பிக்கோ தங்கைக்கோ அது கிடைக்காது. பட்டமே இல்லாத குடும்பத்தில் முதல் விளக்கை ஏற்றுவதே விதியின் நோக்கம். அந்த நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால் வீட்டுக்குள் அது இன்னொன்றையும் செய்யலாம்: முதல் வாய்ப்பு யாருக்கு என்பதை, இயல்பாகவே வயதில் முந்துபவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. பணியிலிருக்கும்போது இறந்த அரசு ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் தரப்படும் வேலையும் அப்படித்தான். வீட்டில் யார் தகுதி வயதில் இருக்கிறாரோ அவர் வாழ்வு ஒரு பக்கம் திரும்புகிறது, மற்றவர் வாழ்வு வேறு பக்கம்.

இதற்கு மாறாக, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உடன்பிறந்தோரைப் பார்ப்பதில்லை. தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. முதல் விதி வீட்டை ஓர் அலகாக எண்ணுகிறது, இரண்டாவது பிள்ளையை. ஒரே வீட்டில் இரண்டும் இயங்கும்போது இளையவரின் முயற்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்து பார்ப்பது பயனுள்ளது. மூத்தவர் பட்டம் பெற்றுச் சம்பாதித்து இளையவரின் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்பதால், விதியின் விளைவு இளையவருக்குப் பாதகம் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு: பிள்ளைகள் பிறவியிலேயே வேறுவேறானவர்கள், சுமைக் கணக்கு எதற்கு? உண்மைதான். உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாட்டையே பகிர்கிறார்கள். ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்சும் 1987இல் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று கேட்டு, ஆளுமையில் பகிரப்படாத சூழலே முக்கியம் என்றார்கள். ஆனால் பிறவி வேறுபாடு மூத்தவர், இளையவர் என்று பார்த்து வருவதில்லை. சீட்டு யாருக்கும் விழலாம். ஆகவே மூத்தவர்தான் படிப்பார் என்ற ஒழுங்கை அது விளக்காது. சில வீடுகளில் ஒழுங்கு தலைகீழாவதை வேண்டுமானால் விளக்கும்.

இரண்டாவது: ஆய்வுகள் சிறு வேறுபாடு என்கின்றன, நாம் வீட்டில் காண்பது மலையளவு. இதற்கு ஒரு விடை வயது. அண்ணனுக்கு இருபது, தம்பிக்குப் பதினைந்து என்றால், ஒப்பிடப்படுவது இரு பிள்ளைகளல்ல, இரு வயதுகள். இருபதில் இருக்கும் பொறுப்பைப் பதினைந்தில் எதிர்பார்த்து ஏமாறுகிறோம். தம்பிக்கு இருபதாகும்போது அண்ணன் இருபத்தைந்தை எட்டியிருப்பார். ஒப்பீடு ஒருபோதும் சமநிலைக்கு வராது. இன்னொரு விடையை 1998இல் ஜூடித் ரிச் ஹாரிஸ் தந்தார்: வீட்டுக்குள் எடுத்த வேடத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே கொண்டுபோவதில்லை. வீட்டில் ஊதாரி எனப் பெயரெடுத்த தம்பி கபடிக் குழுவில் கேப்டனாகவும், கான்ட்ராக்ட் சைட்டில் நேரம் தவறாதவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது மறுப்பு கடினமானது. சுமையே எல்லாம் என்றால், வசதியான வீடுகளிலும், சுமையே இல்லாத நார்வேயிலும் அதே வேறுபாடு ஏன் சிறிதளவேனும் தெரிகிறது? இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியது உண்டு. நேரம், கவனம், கண்டிப்பு ஆகியவற்றின் பங்கீடு வறுமையில்லாத வீட்டிலும் நடக்கிறது. அதன் விளைவு சிறிதானாலும் உண்மை. இந்தக் கட்டுரையின் வாதம் அதை மறுக்கவில்லை. வசதி கூடும்போது பங்கிடப்படுவது கவனமாகவும், வசதி குறையும்போது உழைப்பும் வாய்ப்புமாகவும் மாறுகிறது என்பதே வாதம். எக்குவடோரில் திசை திரும்பியதை வேறு எந்த விளக்கமும் இவ்வளவு எளிதாகக் கையாளவில்லை.

மதிப்பீடு

கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றைச் சற்று உறுதியாகச் சொல்லலாம். படிப்பில் மூத்தவருக்குச் சிறு முன்னிலை வளமான நாடுகளில் உண்டு; அதற்குக் காரணம் கருப்பையல்ல, வீடு. பொறுப்பானவர், கவலையற்றவர் என்ற குணப்பிரிவுக்கு வரிசையில் வலுவான ஆதாரம் இல்லை. வருமானம் குறைந்த இடங்களில் விதி தலைகீழாகவும் கூடும். தமிழ்நாட்டுக்கு இவற்றை எடுத்துவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அட்லர் எண்ணிய பெரிய குடும்பம் போய்விட்டது. மூத்தவர், இளையவர் என்பது பெரும்பாலும் இரண்டே பேர். ஐந்து பேரில் பகிரப்பட்ட பெயர்களை இன்று இருவர் தாங்குகிறார்கள். ஒருவர் படிப்பாளி என்றால் எஞ்சியவருக்கு மிச்சமிருக்கும் பெயர் அநேகமாக மற்றதுதான்.

திறந்திருக்கும் கேள்விகள் பல. தொழிற்பகுதியில் ஒரே வீட்டு உடன்பிறந்தோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, தந்தையின் வேலை நிலை, அக்காவின் வீட்டுவேலை, கட்டணச் சலுகை யாருக்குப் போனது என்பனவற்றையும் சேர்த்தெண்ணும் ஆய்வு தேவை. அண்ணன் படிக்க அக்கா நின்ற வீடுகளையும், தம்பி படிக்க அண்ணன் கான்ட்ராக்டுக்குப் போன வீடுகளையும் ஒரே தலைப்பில் அடக்கக்கூடாது. அத்தகைய தரவு வரும்வரை, இளையவரின் கவலையின்மையைக் குணக்கேடாகவோ மூத்தவரின் படிப்பைப் பிறவிக் குணமாகவோ எடுத்துக்கொள்வதற்கு ஆய்வின் துணை இல்லை. பள்ளியில் அண்ணனைச் சொல்லித் தம்பியை மட்டந்தட்டும் ஆசிரியருக்கும், மூத்தவளாயிற்றே என்று எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் வைக்கும் வீட்டுக்கும் இப்போதைக்கு இவ்வளவே சொல்ல முடியும்: பிள்ளைகளிடம் காணும் வேறுபாட்டில் நாம் பங்கிட்டுக் கொடுத்ததும் கணிசமாகக் கலந்திருக்கலாம், பங்கீட்டை மாற்றிப் பார்க்காமல் அது எவ்வளவு என்று யாரும் அறுதியிட இயலாது.